இரத்த தானம் செய்பவர்களில் எச்ஐவி: வயது, பாலினம், தொழில் பற்றிய அட்டவணைகளை எப்படிப் படிப்பது?

#1 தேடல்மொழி

வணக்கம் நண்பர்களே. பொது சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். இரத்த தானம் செய்பவர்களில் எச்ஐவி தொற்று எந்த வயதினரிடம், எந்தப் பாலினத்தவரிடம், எந்தத் தொழில் செய்பவர்களிடம் அதிகம் தென்படுகிறது என்பதுதான் என் ஆய்வுத் தலைப்பு.

இதுவரை படித்த கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒரு இரத்த வங்கியின் சில ஆண்டுப் பதிவேட்டை எடுக்கிறார்கள், ரியாக்டிவ் ஆனவர்களை (முதல் பரிசோதனையில் தொற்று இருக்கலாம் என்று காட்டியவர்களை) எண்ணுகிறார்கள், வயதுவாரியாகப் பிரித்து அட்டவணை போடுகிறார்கள். கடைசியில் ஆண்களிடம் அதிகம், நடு வயதினரிடம் அதிகம், நோயாளியின் உறவினராக வந்து கொடுக்கும் மாற்றுக் கொடையாளர்களிடம் அதிகம் என்று முடிக்கிறார்கள்.

உலக அளவில் வித்தியாசம் பெரிது என்பது தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-ம் ஆண்டுத் தரவை வைத்துச் சொன்ன இடைநிலை அளவுகளைப் பாருங்கள்: அதிக வருமான நாடுகளில் தானமாக வந்த இரத்தத்தில் எச்ஐவி 0.001 சதவீதம், குறைந்த வருமான நாடுகளில் 0.70 சதவீதம். எழுநூறு மடங்கு. ஆனால் ஒரு நாட்டுக்குள், ஒரு ஊருக்குள் என்று இறங்கும்போது அந்த அட்டவணைகள் உண்மையில் எதைச் சொல்கின்றன? அதை வைத்து யாரிடம் இரத்தம் வாங்கலாம், யாரிடம் வேண்டாம் என்று முடிவெடுக்கலாமா? இரத்த வங்கியில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

#2 எண்கணக்கு

நல்ல கேள்வி. புள்ளியியல் பக்கத்திலிருந்து என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வகுக்கும் எண்ணைப் பாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: 10,000 பேர் தானம் செய்கிறார்கள், அதில் 9,000 பேர் ஆண்கள், 1,000 பேர் பெண்கள். ஆண்களில் 18 பேருக்குத் தொற்று, பெண்களில் 2 பேருக்கு. மொத்தம் 20 பேரில் 18 பேர் ஆண்கள் என்பதால் தொற்றுள்ளவர்களில் 90 சதவீதம் ஆண்கள் என்று எழுதலாம், அது பொய்யில்லை. ஆனால் விகிதம் இரண்டு பக்கமும் 0.2 சதவீதம்தான். ஆண்களுக்கு ஆபத்து அதிகம் என்று அந்த எண்ணிலிருந்து ஒரு சொல்கூடச் சொல்ல முடியாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கில்லை. உலகம் முழுக்க தானமாகும் இரத்தத்தில் பெண்கள் தருவது சுமார் 33 சதவீதம் என்கிறது அதே நிறுவனம். தரவு தந்த 113 நாடுகளில் 15 நாடுகளில் அது 10 சதவீதத்துக்கும் கீழே. ஹீமோகுளோபின் குறைவு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம் என்று பல காரணங்களால் பெண்கள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். வரிசையில் நிற்பவர்களே பெரும்பாலும் ஆண்கள் என்றால் கண்டுபிடிக்கப்படுபவர்களும் ஆண்களாகத்தான் இருப்பார்கள்.

மறுபக்கம், உலகில் எச்ஐவியோடு வாழ்பவர்களில் பாதிக்குமேல் பெண்களும் சிறுமிகளும். 2023-ல் 53 சதவீதம் என்று ஐநாவின் எய்ட்ஸ் திட்டம் கணக்கிட்டது. சஹாராவுக்குத் தெற்கே புதிதாகத் தொற்றியவர்களில் அவர்களுடைய பங்கு 62 சதவீதம். வலை வீசிய இடத்தில் அகப்பட்ட மீனை வைத்துக் கடலில் இந்த மீன்தான் இருக்கிறது என்று சொல்லக்கூடாது. கொடையாளர் தரவு அப்படிப்பட்ட தரவு.

#3 நுண்நோக்கி

இரத்த வங்கி ஆய்வகத்தில்தான் வேலை. எண்கணக்கு சார் வகுக்கும் எண்ணைச் சொன்னார், நான் மேலே இருக்கும் எண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அதிலும் கோளாறு இருக்கிறது.

எலிசா என்பது எச்ஐவிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை. அதன் தட்டில் 96 குழிகள். கடைசியாக அமிலம் விட்டதும் ரியாக்டிவ் குழி மஞ்சளாகும், மற்றவை நிறமில்லாமல் இருக்கும். அந்த மஞ்சள் குழியைப் பார்த்தவுடன் அந்தப் பையை ஒதுக்கிவிடுவோம், அதில் பேச்சே இல்லை. ஆனால் அந்தக் குழிக்குச் சொந்தக்காரருக்கு எச்ஐவி என்று அர்த்தமில்லை. இந்தப் பரிசோதனையே ஒன்றையும் தவறவிடக்கூடாது என்று மிகக் கூர்மையாக அமைக்கப்பட்டது. சந்தேகம் வந்தால் மஞ்சள் பக்கம்தான் சாயும்.

கணக்கு போட்டால் புரியும். தொற்று இல்லாதவர்களை 99.8 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனை என்று வையுங்கள். பத்தாயிரம் பேரில் உண்மையில் தொற்றுள்ளவர்கள் 10 பேர். அந்தப் பத்தும் அகப்படும், கூடவே தொற்றே இல்லாத சுமார் 20 பேரும் மஞ்சளாவார்கள். ஆக ரியாக்டிவ் 30, அதில் உண்மை மூன்றில் ஒரு பங்கு.

இப்போது நீங்கள் படித்த கட்டுரைகளைத் திரும்ப எடுத்து, ரியாக்டிவ் ஆன மாதிரிகளை வேறு பரிசோதனையில் உறுதிப்படுத்தினார்களா என்று மட்டும் பாருங்கள். உறுதிப்படுத்தாத எண்ணை வயதுவாரியாகப் பிரித்து முடிவு சொல்லியிருந்தால் அந்த அட்டவணையை ஓரமாக வையுங்கள். பொய் ரியாக்டிவ் எல்லா வயதிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தூவிக் கிடக்கும். உண்மையான வித்தியாசம் அதற்குள் மங்கிப்போகும்.

#4 குறிஞ்சியின்அப்பா

என் மகளுக்கு தலசீமியா, உடலில் இரத்தம் சரியாக உருவாகாத நோய். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்றுகிறோம். உயிரோடு இருக்கும் வரைக்கும் ஏற்ற வேண்டும்.

நீங்கள் எல்லோரும் விகிதம், வகுக்கும் எண் என்று பேசுகிறீர்கள். எனக்குப் புரிகிறது, மரியாதையோடுதான் படிக்கிறேன். ஆனால் தொற்றுள்ள இரத்தம் ஒரு பை ஏறினால் பத்தில் ஒன்பது பேருக்குமேல் தொற்று வந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு தடவை அறுவை சிகிச்சைக்காக ஏற்றிக்கொள்பவருக்கு ஆபத்து ஒரு மடங்கு என்றால், என் மகளுக்கு அது நூற்றுக்கணக்கான மடங்கு. பிரிட்டனில் இரத்தம் உறையாத நோயுள்ளவர்கள் சுமார் 1,250 பேருக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட, பிறர் இரத்தத்திலிருந்து தயாரித்த மருந்து வழியாகவே எச்ஐவி வந்தது. அதைப் பற்றிய விசாரணை அறிக்கை 2024 மே மாதம்தான் வந்தது. எத்தனை பேர் அதைப் பார்க்காமலே போய்விட்டார்கள்.

அதனால் நேராகவே கேட்கிறேன். ஒரு பிரிவினரிடம் தொற்று அதிகம் என்று அட்டவணை காட்டினால், அவர்களிடம் வாங்காமல் இருப்பதில் என்ன தவறு? இரத்தம் கொடுப்பது யாருடைய உரிமையும் இல்லையே. பாதுகாப்பான இரத்தம் பெறுவதுதான் என் மகளுடைய உரிமை.

#5 முகாம்தோழன்

குறிஞ்சியின்அப்பா, உங்கள் பக்கம் நிற்கிறேன். இரத்த தான முகாம்கள் நடத்துகிறவன் நான். என் பார்வையில் பிரச்சினை மாற்றுக் கொடையாளர்தான். உறவினர் படுக்கையில் இருக்கிறார், கொடுக்காவிட்டால் குடும்பத்தில் பேச்சு வரும் என்ற நெருக்கடியில் வருபவர் உண்மையைச் சொல்லமாட்டார். சில சமயம் உறவினர் என்ற பெயரில் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பவரும் வருகிறார். தன்னார்வமாக வருபவருக்கு அந்த அழுத்தம் இல்லை.

தொழிலும் முக்கியம் என்றுதான் நினைக்கிறேன். நெடுந்தூர லாரி ஓட்டுநர்கள், ஊரைவிட்டுப் போய் வேலை செய்பவர்கள் இவர்களிடம் தொற்று அதிகம் என்று பல ஆண்டுகளாகக் கேள்விப்படுகிறோம். அவர்களை ஒட்டுமொத்தமாகத் தவிர்த்தால் என்ன?

#6 எண்கணக்கு

குறிஞ்சியின்அப்பா, உங்கள் கேள்வியில் ஒரு தவறும் இல்லை. ஏற்றிக்கொள்பவரின் பாதுகாப்புதான் முதலில். நான் சொல்ல வருவது அந்தப் பாதுகாப்பைப் பற்றித்தான்.

உங்கள் மகளுக்கு வரும் பையில் உள்ள ஆபத்து எது? பல ஆண்டுகளாகத் தொற்றோடு இருப்பவரின் இரத்தம் அநேகமாக எப்போதும் பரிசோதனையில் அகப்பட்டுவிடும். தப்பித்து வருவது போன வாரம், முந்தின வாரம் தொற்றியவரின் இரத்தம். உடலில் கிருமி இருக்கும், பரிசோதனை காட்டாது. அதுதான் சாளரக் காலம். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் எலிசாவுக்கு அது சராசரியாக மூன்று வாரம். கிருமியின் மரபணுவையே தேடும் நாட் பரிசோதனையை ஒவ்வொரு பைக்கும் தனித்தனியாகச் செய்தால் ஆறு நாள் அளவுக்குக் குறைகிறது. பல மாதிரிகளை ஒன்றாகக் கலந்து செய்தால் ஒன்பது முதல் பதினொரு நாள்.

மிச்ச ஆபத்தைக் கணக்கிடும் முறை எளிது: கொடையாளர்களிடம் ஓர் ஆண்டில் புதிதாகத் தொற்றும் வேகத்தைச் சாளரக் காலத்தால் பெருக்க வேண்டும். ஓர் உதாரணம். லட்சம் பேரில் ஆண்டுக்கு 10 பேருக்குப் புதிதாகத் தொற்றுகிறது என்றால், 22 நாள் சாளரத்தில் பத்து லட்சம் பைக்கு சுமார் 6 பை தப்பும். 6 நாள் சாளரத்தில் 1.6 பை.

அட்டவணையில் நாம் பார்ப்பது இதுவரை தொற்றியவர்களின் மொத்த எண்ணிக்கை. ஆபத்தை முடிவு செய்வது புதிதாகத் தொற்றும் வேகம். இவை இரண்டும் ஒரே வயதில், ஒரே பிரிவில் உச்சத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாற்பது வயதினரிடம் மொத்தம் அதிகம் என்றால் அதில் பெரும்பகுதி பழைய தொற்றாக இருக்கலாம், எலிசாவே பிடித்துவிடும். இருபது வயதினரிடம் மொத்தம் குறைவாக இருந்தும் புதுத் தொற்று அதிகமாக இருக்கலாம். அட்டவணையை மட்டும் நம்பி நாற்பதைத் தள்ளிவிட்டு இருபதிடம் வாங்கினால் உங்கள் மகளுக்கு ஆபத்து கூடவும் செய்யலாம்.

ஒட்டுமொத்தமாகத் தவிர்ப்பது பற்றி முகாம்தோழன் கேட்டதற்கு தென்னாப்பிரிக்காவின் அனுபவம் இருக்கிறது. அங்கே 1990-களின் கடைசியிலிருந்து கொடையாளரின் இனத்தை வைத்தே இரத்தத்துக்கு ஆபத்துத் தரம் போட்டார்கள். கறுப்பின மக்களிடம் தொற்று விகிதம் அதிகம் என்பது புள்ளிவிவர உண்மை, அதை வைத்து அவர்களுடைய இரத்தத்தைப் பெரும்பாலும் ஒதுக்கினார்கள். 2004 கடைசியில் இது வெளியே வந்து பெரிய கொந்தளிப்பு. 2005-ல் அந்த முறையைக் கைவிட்டு ஒவ்வொரு பைக்கும் தனித்தனி நாட் பரிசோதனை கொண்டுவந்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் கறுப்பினக் கொடையாளர்களின் பங்கு பல மடங்கு ஏறியது, இரத்தம் வழியாகத் தொற்றும் ஆபத்தோ இறங்கியது. இரண்டும் ஒன்றாக நடந்தது. இனத்தைப் பார்த்துத் தள்ளியது செய்யாத வேலையை நல்ல பரிசோதனை செய்தது.

#7 செவிசாய்ப்பவள்

நான் ஆலோசகராக வேலை செய்கிறேன். கொடைக்கு முன்னாலும் பேசுவேன், ரியாக்டிவ் வந்த பிறகு கூப்பிட்டும் பேசுவேன்.

முகாம்தோழன் அண்ணா, அழுத்தம் முகாமிலும் இருக்கிறது. நண்பர்கள் கூட்டமாக வருவார்கள். ஒரு பையன் படிவத்தை வாங்கி, கேள்வியைப் படிக்காமலே மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று ஒரே வேகத்தில் குறி போடுவான். பக்கத்தில் நண்பன் தோளில் கை போட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். கடந்த சில மாதங்களில் புதிய துணையோடு உறவு உண்டா என்ற கேள்விக்கு அங்கே வைத்து யார் "ஆம்" போடுவார்கள்? அதே பையனைத் திரை மறைவுக்குள் தனியாக உட்காரவைத்து, "இதை யாரிடமும் சொல்லமாட்டேன், இன்றைக்குக் கொடுக்க வேண்டாம் என்றால் பிரஷர் சரியில்லை என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம்" என்று சொன்னால் பேசுவான். அப்படிப் பேசிவிட்டு எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பை நிரம்பவே இல்லை. எந்த அட்டவணையிலும் அது வராது.

இன்னொன்று. சிலர் இரத்தம் கொடுக்க வருவதே பரிசோதனைக்காகத்தான். மனதில் ஒரு பயம் இருக்கும், பரிசோதனை மையத்துக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சம். இரத்தம் கொடுத்தால் புண்ணியமும் ஆச்சு, ரிசல்ட்டும் தெரியும். இவர்கள்தான் மிக ஆபத்தானவர்கள், ஏனென்றால் பயம் வந்தது போன வாரம் நடந்ததால். எண்கணக்கு சார் சொன்ன சாளரத்துக்குள் நேராக வந்து உட்காருகிறார்கள். இவர்களுக்கு வயதும் தொழிலும் ஒரு அடையாளம் இல்லை. கூச்சமில்லாமல் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ள பக்கத்திலேயே ஓர் இடம் இருந்தால் பாதிப் பேர் இரத்த வங்கிக்கு வரமாட்டார்கள் என்பது என் திடமான எண்ணம்.

#8 நுண்நோக்கி

மாற்றுக் கொடையாளர் விஷயத்தில் ஒரு சேர்க்கை. தன்னார்வலரையும் உறவினரையும் ஒப்பிடும்போது மூன்று வித்தியாசங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தன்னார்வலர்களில் மாணவர்கள் அதிகம், அதனால் வயது குறைவு. அவர்களில் திரும்பத் திரும்பக் கொடுப்பவர்கள் அதிகம், ஒவ்வொரு தடவையும் பரிசோதிக்கப்பட்டுச் சுத்தம் என்று தெரிந்தவர்கள். உறவினரோ பெரும்பாலும் வாழ்க்கையில் முதல் தடவை கொடுக்கிறார். கானா போன்ற நாடுகளின் தரவில், முதல் தடவை கொடுக்கும் தன்னார்வலரையும் முதல் தடவை கொடுக்கும் உறவினரையும் ஒப்பிட்டபோது பெரிய இடைவெளி தென்படவில்லை. ஆக முதல் தடவையா, மறு தடவையா என்பதுதான் பெரிய கோடு. உறவினரைத் திட்டுவதைவிட, அவரிடம் மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரச் சொல்லிக் கேட்பது இரத்த வங்கிக்கு அதிகப் பயன் தரும்.

காசு விஷயம் மட்டும் தனி. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் 1990-களில் ஏழை விவசாயிகளிடம் பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) வாங்கினார்கள். பலருடைய இரத்தத்தை ஒன்றாகக் கலந்து, பிளாஸ்மாவைப் பிரித்தபின் மிச்ச சிவப்பணுக்களை அவர்களுக்கே திரும்ப ஏற்றினார்கள். கொடுத்தவர்களுக்கே எச்ஐவி வந்தது, ஊர் ஊராக. மருத்துவர் காவ் யாவ்ஜியே என்ற அம்மையார் அதை உலகத்துக்குச் சொல்ல என்ன பாடுபட்டார்! அந்தத் தரவை எடுத்து விவசாயிகளிடம் எச்ஐவி அதிகம் என்று ஒருவர் எழுதினால் எண் சரியாகத்தான் இருக்கும். விவசாயம் செய்ததால் வந்ததா என்ன?

லாரி ஓட்டுநர் கதையும் அதுதான். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பது, மருத்துவ வசதி எட்டாமல் இருப்பது, ஆணுறை கிடைக்காதது எல்லாம் சேர்ந்து ஒரு தொழிலின் பெயரில் வந்து விழுகிறது. கேட்க வேண்டிய கேள்வி அவர் சமீபத்தில் என்ன செய்தார் என்பது.

#9 குறிஞ்சியின்அப்பா

மூவருக்கும் நன்றி. சாளரக் காலத்தை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

இருந்தாலும் ஒரு பயம். சில நாடுகளில் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு இருந்த தடையை எடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். அது பாதுகாப்பை விட்டுக்கொடுத்ததா இல்லையா? அப்புறம் இப்போது மருந்து எடுத்துக்கொண்டால் கிருமியே தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும் என்கிறார்களே, அப்படிப்பட்டவர் இரத்தம் கொடுத்தால்?

#10 நுண்நோக்கி

இரண்டாவது கேள்வி நாங்களும் கவலைப்படும் கேள்வி. அதை முதலில் சொல்கிறேன்.

சிகிச்சை ஒழுங்காக எடுத்து, கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. அது நிரூபணமான நல்ல செய்தி. ஆனால் அது உடலுறவுக்கு மட்டும்தான் பொருந்தும். ஒரு பை இரத்தம் என்பது பல நூறு மில்லி, நேராக இரத்த நாளத்துக்குள் போகிறது. அதற்கு அந்த உறுதி கிடையாது. சிகிச்சையில் இருப்பவரின் இரத்தத்தை நாட் காட்டாமல் விடலாம், எதிர்ப்பொருள் பரிசோதனை அநேகமாகக் காட்டிவிடும். நாட் வந்துவிட்டது, எலிசா எதற்கு என்று யாராவது கேட்டால் இதுதான் பதில். இரண்டும் வேண்டும்.

தொற்று வராமலிருக்க முன்கூட்டியே மாத்திரை எடுப்பவர்களிடம் சிக்கல் இன்னும் நுட்பம். அந்த மருந்து இருக்கும்போது தொற்றினால் கிருமியும் குறைவாக இருக்கும், எதிர்ப்பொருளும் தாமதமாக வரும். அதனால்தான் அமெரிக்க விதிகளில் 2023 முதல் மாத்திரை நிறுத்தி மூன்று மாதம், ஊசி என்றால் கடைசி ஊசியிலிருந்து இரண்டு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறார்கள். படிவத்தில் மருந்துக் கேள்வி இல்லாத இரத்த வங்கிகள் அதை உடனே சேர்க்க வேண்டும்.

#11 எண்கணக்கு

முதல் கேள்விக்கு நான்.

அந்தத் தடை 1980-களில் வந்தது. அப்போது பரிசோதனையே இல்லை, அமெரிக்காவில் முதல் எலிசாவுக்கு அனுமதி கிடைத்தது 1985 மார்ச்சில்தான். அந்தச் சூழலில் பிரிவைப் பார்த்துத் தள்ளுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பரிசோதனை கூர்மையானபின் அமெரிக்கா 2015-ல் ஆயுள் தடையை 12 மாதமாக்கியது, 2020-ல் 3 மாதம், 2023-ல் எல்லோருக்கும் ஒரே கேள்விகள் என்று மாற்றியது. பிரிட்டன் 2021 ஜூனிலேயே அதைச் செய்தது.

இது கதவைத் திறந்துவிட்டதாக ஆகாது. ஆணோ பெண்ணோ, கடந்த மூன்று மாதத்தில் புதிய துணை உண்டா, ஒன்றுக்கு மேற்பட்ட துணை உண்டா, ஆசனவாய் உறவு உண்டா என்று சேர்த்துக் கேட்கிறார்கள். பல ஆண்டுகளாக ஒரே துணையோடு இருக்கும் ஆண் கொடுக்கலாம். போன மாதம் புதிய துணையோடு ஆசனவாய் உறவு கொண்ட யாராக இருந்தாலும் விதிப்படி காத்திருக்க வேண்டும். முன்பு இந்த இரண்டாவது ஆள் பெண்களோடு மட்டும் உறவு கொள்பவர் என்றால் சுலபமாக உள்ளே வந்திருப்பார். உங்கள் மகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த ஓட்டை இப்போது அடைபட்டிருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த நாடுகளில் தொற்று குறைவு, நாட் எல்லாப் பைக்கும் உண்டு. நாட் இல்லாத இடத்தில் கேள்வியை மட்டும் மாற்றிவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. பணம் எங்கே போக வேண்டும் என்றால் அங்கேதான்.

#12 தேடல்மொழி

என் அட்டவணை அமைப்பை இப்படி யோசித்திருக்கிறேன், பாருங்கள். உறுதிப்படுத்தப்பட்டவை மட்டும். ஒவ்வொரு வயது, பாலினப் பிரிவுக்கும் மொத்தக் கொடையாளர் எண்ணிக்கை. முதல் தடவை, மறு தடவை தனித்தனி. மறு தடவைக்காரர்களில் முந்தைய கொடை சுத்தமாக இருந்து இப்போது தொற்றியவர்களை வைத்துப் புதுத் தொற்றின் வேகம். தொழிலை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன், பதிவேட்டில் "சுயதொழில்", "தனியார்" என்றுதான் பெரும்பாலும் இருக்கிறது.

#13 செவிசாய்ப்பவள்

தொழிலை விடுங்கள். அதற்குப் பதிலாக ஒன்றைச் சேர்த்தால் உங்கள் ஆய்வுக்கு உயிர் வரும்: ரியாக்டிவ் வந்தவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்து ரிசல்ட்டைத் தெரிந்துகொண்டார்கள், எந்த வயது, ஆணா பெண்ணா, எத்தனை பேர் சிகிச்சைக்குப் போனார்கள்.

நாங்கள் கூப்பிடுகிறோம். எண் உபயோகத்தில் இல்லை என்று வரும். முகவரி பாதிதான் இருக்கும். பெண்கள் விஷயத்தில் சில சமயம் கணவர்தான் போனை எடுப்பார், என்ன விஷயம் என்று கேட்பார், அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அந்தப் பெண்ணைத் தனியாக வரவழைக்க முடியாமலே போய்விடும். கொடையாளர்களில் பெண்கள் குறைவு என்று மேலே பேசினோம், கண்டறியப்பட்டும் தெரியாமலே போகிறவர்களில் அவர்கள் பங்கு என்ன என்று யாராவது எண்ணியாக வேண்டும். பை குப்பைக்குப் போய்விட்டது, ஏற்றிக்கொள்பவர் பிழைத்தார். கொடுத்தவர் நோய் தெரியாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

#14 நுண்நோக்கி

செவிசாய்ப்பவள் சொன்னதற்காக நெறிமுறைக் குழுவிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பெயர் நீக்கிய தரவு போதும்.

புதுத் தொற்றின் வேகத்துக்கு ஒருவரின் முந்தைய கொடையோடு இன்றைய கொடையை இணைக்கும் எண் தேவை. பல இடங்களில் ஒவ்வொரு தடவையும் புது எண் போடுகிறார்கள், இணைக்கவே முடியாது. தரவு கேட்கும் முன் அதைக் கேட்டுவிடுங்கள். அந்த இணைப்பு இருக்கும் வங்கியில்தான் மறுதேடலும் செய்ய முடியும்: மறு தடவைக்காரர் இன்றைக்குப் பாசிட்டிவ் என்றால், போன தடவை அவர் கொடுத்த பை யாருக்கு ஏறியது என்று தேடி அந்த நோயாளியைக் கூப்பிட்டுப் பரிசோதிப்பது.

குறிஞ்சியின்அப்பா, உங்கள் மகளுக்கு ஏற்றும் ஒவ்வொரு பையின் எண்ணையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவமனைப் பதிவில் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

#15 குறிஞ்சியின்அப்பா

எழுதி வைக்கிறேன் மேடம். பழைய டிஸ்சார்ஜ் காகிதங்களில் பை எண் சிலவற்றில் இருக்கிறது, அதையும் எடுத்துச் சேர்க்கிறேன். நாங்கள் போகும் இடத்தில் நாட் செய்கிறார்களா, தனித்தனியாகவா கலந்தா என்று நாளைக்கே கேட்கிறேன்.